கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு?

நலம் நாடி: வாராந்த மருத்துவப் பத்தி



பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்களில் குளிசைப் பெட்டி இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞராய் இந்நாட்டில் வந்திறங்கியோர் இப்போது அறுபதைத் தொட்டு நிற்கின்றனர். அவர்கள் பின்னர் அழைப்பித்துக்கொண்ட தாய் தந்தையரோ எண்பதையும் கடந்துவிட்டனர். நீரிழிவுக்கு ஒன்று, குருதி அமுக்கத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என அடுக்கப்பட்ட குளிசைகளின் நடுவே, 'இரத்தத்தைத் தண்ணியாக்கும் குளிசை' என்று எம்மவர் சொல்லும் ஒன்றும் பல வீடுகளில் இருக்கிறது. நாளாந்தம் அதனை விழுங்குவதோடு எவரும் அதைப்பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. ஆனால் ஒரு சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டால், பெட்டியிலுள்ள எல்லாக் குளிசைகளிலும் முதலாவதாக விசாரிக்கப்படுவது அதுவே.

அதனை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைக் கணித்துச் சொல்வதற்கென்று இன்று கைத்தொலைபேசிச் செயலிகள் வந்துள்ளன. மயக்கமருந்து வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். அச்செயலிகள் எவ்வாறு பிறந்தன, எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டா, இவற்றில் எமது குடும்பங்களின் பங்கு யாது என்பனவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

தண்ணியாவதில்லை

முதலில் ஒரு தெளிவு. இக்குளிசைகளால் இரத்தம் தண்ணியாவதில்லை. குருதி உறைவதற்கு உடலில் நிகழும் தொடர்வினைகளில் ஏதேனும் ஒரு படியை இவை தடுக்கின்றன, அல்லது தாமதப்படுத்துகின்றன. இவை இரு வகையின. அஸ்பிரின், குளோபிடோகிறெல் போன்றவை குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. மாரடைப்பு வந்தோருக்கும் இருதய நாடியில் வலைக்குழாய் பொருத்தப்பட்டோருக்கும் இவை கொடுக்கப்படும். வார்பரின், அபிக்சபான், ரிவரொக்சபான், எடொக்சபான், டபிகாட்ரான் என்பன உறைதற் புரதங்களின் வேலையைத் தடுப்பவை. இருதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனோர், காலிலோ நுரையீரலிலோ குருதிக்கட்டி வந்தோர் போன்றோருக்கு இவை கொடுக்கப்படும். செயற்கை இருதய வால்வு பொருத்தப்பட்டோருக்கு இன்றும் வார்பரினே உரியது.

வார்பரின் 1948இல் எலிகளைக் கொல்லும் மருந்தாகவே சந்தைக்கு வந்தது என்பதும், 1954இலேயே மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதும் உண்மை. 'இது எலிப்பாசாணமாம்' என்று யாரோ சொல்லக் கேட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் குளிசையைத் தவிர்க்கும் முதியோரும் உண்டு. அளவறிந்து, பரிசோதனையோடு கொடுக்கப்படும்போது அதே பொருள் பாரிசவாதத்திலிருந்து உயிர்காக்கும் மருந்தாகிறது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைத்தல் வேண்டும்.

முதுகில் போடும் ஊசி

இடுப்பெலும்பு, முழங்கால், விதைப்பைக்கு மேலான குடலிறக்கம், புரோஸ்டேட் சுரப்பி, மகப்பேற்றுச் சத்திரசிகிச்சை முதலானவற்றுக்கு, முழுமயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வது பெருவழக்கு. பெரும்பாலானோருக்கு அது பாதுகாப்பான முறையே. பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர்களின் அரச கல்லூரி 2009இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பு இதற்குச் சான்று பகரும். ஓராண்டில் இந்நாட்டில் போடப்பட்ட இத்தகைய ஊசிகள் 707,455 என மதிப்பிடப்பட்டன. எல்லாக் காரணங்களையும் சேர்த்து நிலையான பாதிப்புக்கு உள்ளானோர், மிகக் கடுமையாகக் கணித்தாலும், இலட்சம் பேருக்கு 4.2 பேர் மட்டுமே.

இவ்வளவு அரிதான ஒன்றுக்காக வைத்தியர்கள் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கின்றனர்? காரணம் முள்ளந்தண்டின் அமைப்பிலேயே உள்ளது. கையில் ஊசி குத்திய இடத்தில் குருதி கசிந்தால் தோல் வீங்கும். அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். முள்ளந்தண்டுக் கால்வாயோ சுற்றிவர எலும்பாலான குழாய். அதனுள்ளே மெல்லிய நாளங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றிலொன்று ஊசியாற் கீறப்பட்டுக் குருதி உறையாமல் கசிந்துகொண்டிருந்தால், அது வெளியேற வழியின்றித் தேங்கி முண்ணாணை நெரிக்கும். வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கவும் இயலாது. கால்கள் செயலிழக்கும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும்.

1906 தொடக்கம் 1994 வரை மருத்துவ இதழ்களில் பதிவான இத்தகைய 61 நோயாளரின் விவரங்கள் 1994இல் ஒருங்கே ஆராயப்பட்டன. அவர்களில் 42 பேருக்குக் குருதி உறைதலில் ஏதோவொரு குறைபாடு இருந்தமை தெரியவந்தது. கால் செயலிழக்கத் தொடங்கி 8 மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து தேங்கிய குருதியை அகற்றினாலேயே நன்கு குணமடையும் வாய்ப்பு உண்டு என்பதும் அந்த ஆய்வினால் உணரப்பட்டது. வேறு சிலருக்கு ஊசி போட்டபோதன்றி, முதுகிலிருந்த மெல்லிய குழாயை வெளியே எடுத்தபோதே இவ்விபத்து நேர்ந்திருந்தது.

ஓர் எச்சரிக்கையின் வரலாறு

1993ஆம் ஆண்டு ஈனொக்சபாரின் என்ற ஊசிமருந்து அமெரிக்காவுக்கு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் கால்களிற் குருதி கட்டியாகாமல் தடுப்பதற்கான மருந்து அது. ஐரோப்பாவில் அம்மருந்து ஏற்கெனவே ஆண்டுக்கணக்காகப் பயன்பாட்டில் இருந்தது. அங்கு நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் கொடுத்தனர். முதுகில் ஊசி போடுவதற்கு முன் போதிய இடைவெளியும் விட்டனர். அமெரிக்காவிலோ நாளுக்கு இருமுறை 30 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. குருதியில் மருந்து குறைந்து நிற்கும் வேளை என்ற ஒன்று இல்லாமற் போயிற்று. முள்ளந்தண்டிற் குருதி தேங்கியதாகப் பலர் பற்றிய முறைப்பாடுகள் குவிந்தன. 1997 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வைத்தியர்கள் அனைவருக்கும் எச்சரிக்கை விடுத்தது.

ஒரே மருந்து, கொடுக்கும் அளவும் நேரமும் மாறியபோது விளைவும் மாறியது. இதிலிருந்து பெற்ற பாடமே பிற்கால விதிகள் அனைத்துக்கும் அடிப்படை எனலாம். 1998இல் அமெரிக்கப் பகுதிமயக்க வைத்தியர் சங்கமான 'அஸ்ரா' நிபுணர்களைக் கூட்டி, எந்த மருந்தை எடுத்து எத்தனை மணித்தியாலங்களின் பின் முதுகில் ஊசி போடலாம் என்று வகுத்தது. 2003, 2010, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. பிரித்தானியாவிலும் மயக்கமருந்து வைத்தியர் சங்கம் 2013இல் தனக்கென விதிகளை வெளியிட்டது.

2008 தொடக்கம் புதிய குளிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரவே, விதிகளும் பெருகின. மருந்து எது, அளவு எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, ஊசி எங்கே, குழாய் வைப்பதா எடுப்பதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. நள்ளிரவில் அவசர நோயாளியை எதிர்கொள்ளும் இளம் வைத்தியர் இவை அனைத்தையும் மனத்தில் வைத்திருத்தல் எளிதன்று. இந்த இடத்திலேயே கைத்தொலைபேசி நுழைந்தது.

செயலி என்ன செய்கிறது?

அஸ்ரா சங்கம் தனது விதிகளை 'அஸ்ரா கோக்ஸ்' என்ற செயலியாக வெளியிட்டுள்ளது. வைத்தியர் மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். செய்யப்போவது முதுகிலிடும் ஊசியா, உடலின் ஆழத்தில் ஒரு நரம்பைச் சூழ இடும் ஊசியா, மேலோட்டமானதா என்பதைக் குறிக்கிறார். ஊசி போடுவதற்கு முன்னா, குழாயை அகற்றும் போதா, மருந்தை மீண்டும் தொடங்குவதற்கா என்பதையும் குறிக்கிறார். விட வேண்டிய இடைவெளியைச் செயலி திரையிற் காட்டுகிறது.

இதனாற் பயன் உண்டா என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 259 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டு, கற்பனை நோயாளர் பற்றிய வினாக்களுக்கு விடையளித்தனர். இத்தகைய கைத்தொலைபேசிக் கருவியைக் கையாண்டோர் சராசரியாக ஏறக்குறைய 92 வீதமும், அதில்லாமல் விடையளித்தோர் 68 வீதமும் பெற்றனர். கல்வியறிவு மிக்கோரும் நினைவை மட்டும் நம்பினால் தவறக்கூடிய துறை இது என்பதையே இவ்வெண்கள் உணர்த்துகின்றன. எனவே, உங்கள் தாயாரின் கட்டிலருகே நின்று வைத்தியர் தமது தொலைபேசியைத் தட்டிப் பார்ப்பாராயின், அவர் அறியாதவர் என்றோ அக்கறையற்றவர் என்றோ எண்ண வேண்டாம். தமது நினைவைச் சரிபார்த்துக்கொள்ளும் வைத்தியர் நம்பத்தக்கவர்.

சில எண்கள்

வாசகர்கள் விடயத்தை விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில இடைவெளிகளைத் தருகிறோம். இவற்றைக் கொண்டு எவரும் தாமாகக் குளிசையை நிறுத்தலாகாது.

குறைந்த அளவு அஸ்பிரின் மட்டும் எடுப்போருக்கு அதனை நிறுத்தாமலே முதுகில் ஊசி போடலாம். குளோபிடோகிறெல் எனின் 5 முதல் 7 நாட்கள் விடவேண்டும். வார்பரினை வழக்கமாக 5 நாட்களுக்கு முன் நிறுத்தி, குருதி உறையும் வேகத்தைக் காட்டும் 'ஐ.என்.ஆர்.' பரிசோதனையையும் செய்து பார்ப்பர். ஈனொக்சபாரின் ஊசி சிறிய அளவாயின் 12 மணித்தியாலம். சிகிச்சைக்குரிய பெரிய அளவாயின் 24 மணித்தியாலம். ரிவரொக்சபானைப் பெரிய அளவில் எடுப்போருக்கு அஸ்ரா விதி 72 மணித்தியாலம் என்கிறது. பிரித்தானியச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு விதியோ அதே மருந்துக்கு 48 மணித்தியாலம் போதும் என்கிறது.

இறுதியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இரு நாடுகளின் நிபுணர்கள் ஒரே மருந்துக்கு இரு எண்களைச் சொல்கின்றனர். இருவரும் கற்றோரே, ஆபத்தை எடைபோடும் முறையிலேயே வேறுபடுகின்றனர். ஒவ்வொரு வைத்தியசாலையும் தனக்கென ஒரு விதியை ஏற்று நடக்கிறது. ரொறன்ரோவிலுள்ள மகள் அமெரிக்கச் செயலியை இறக்கிப் பார்த்து ஓர் எண்ணையும், ஜேர்மனியிலுள்ள மகன் வேறோர் அட்டவணையைப் பார்த்து மற்றோர் எண்ணையும் குடும்ப வாட்ஸ்அப்பிற் போட, இலண்டனிலுள்ள தந்தையார் எதனைக் கேட்பது? அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யவுள்ள வைத்தியசாலை தந்த கடிதத்தை மட்டுமே கேட்க வேண்டும். செயலி வைத்தியருக்கானது. எவரும் கட்டணம் செலுத்தி அதனை இறக்கிக்கொள்ளலாம் என்பதால், எவரும் அதைக்கொண்டு மருத்துவம் செய்யலாம் என்றாகாது.

நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு

'சத்திரசிகிச்சை வருகிறது, எதற்கும் பத்து நாளைக்கு நிறுத்திவிடுவோம்' என்று சிலர் தாமே தீர்மானித்துவிடுகின்றனர். குருதி உறையும் என்ற அச்சத்தினாலேயே அக்குளிசை கொடுக்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அண்மையில் இருதய நாடியில் வலைக்குழாய் பொருத்தப்பட்ட ஒருவர் குளோபிடோகிறெலைத் தாமாக நிறுத்தினால், அக்குழாய் அடைபட்டு மாரடைப்பு நேரலாம். துடிப்பு ஒழுங்கற்றவர் குளிசையின்றிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பாரிசவாதத்துக்கு இடங்கொடுக்கும் நாளே.

அதேவேளை, அளவோடு நிறுத்துவது பலருக்குப் பாதுகாப்பானது என்பதும் நிறுவப்பட்டுள்ளது. துடிப்பு ஒழுங்கற்று வார்பரின் எடுத்த 1,884 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. வார்பரினை நிறுத்திய நாட்களில் அதற்குப் பதிலாக ஊசிமருந்து கொடுக்கப்பட்டோரில் 0.3 வீதத்தினருக்கும், எதுவும் கொடுக்கப்படாதோரில் 0.4 வீதத்தினருக்கும் குருதிக்கட்டியால் தாக்கம் ஏற்பட்டது. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். பெருங்குருதிப்போக்கோ ஊசி போடப்பட்டோரில் 3.2 வீதமாகவும், போடப்படாதோரில் 1.3 வீதமாகவும் இருந்தது. ஆகவே, 'போனமுறை அப்பாவுக்கு இடையில் ஊசி போட்டார்கள், இம்முறை ஏன் போடவில்லை?' என்று ஐயுறுவோர், மருத்துவ அறிவு அதன்பின் மாறியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். செயற்கை வால்வு உள்ளோர் போன்ற சிலருக்கு மட்டும் வேறு முடிவு எடுக்கப்படலாம்.

இடுப்பெலும்பு முறிந்து அவசரமாக அனுமதிக்கப்படும் முதியோரின் நிலை வேறு. மூன்று நாட்கள் காத்திருத்தல் அவர்களுக்கு நன்மை தராது. இயன்றவரை அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை செய்யவே இந்நாட்டில் முயல்வர். அப்போது முதுகில் ஊசி போடாது முழுமயக்கம் கொடுக்க வைத்தியர் தீர்மானிக்கலாம். 'வயதானவருக்கு முழுமயக்கம் கொடுத்தால் எழும்பமாட்டார்' என்று உறவினர் கலங்கிச் சம்மதம் கொடுக்கத் தயங்குவதுண்டு. இடுப்பெலும்பு முறிந்த 1,600 முதியோரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், இருமுறைகளுக்குமிடையே 60 நாட்களின் பின் உயிரோடிருத்தலிலோ நடமாடுதலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இச்செய்தி எமது குடும்பங்கள் யாவற்றுக்கும் எட்டவேண்டியது.

செயலிக்குத் தெரியாதவை

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். எத்தனை மணித்தியால இடைவெளி வேண்டும் என்பதைச் செயலி சொல்லும். ஆனால் அந்த இடைவெளியை எந்த மணியிலிருந்து எண்ணுவது? கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு விழுங்கப்பட்டது என்பது செயலிக்குத் தெரியாது; வைத்தியருக்கும் தெரியாது. அது வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அந்த ஒரு விடை பிழையானால் செயலியின் கணக்கு முழுவதும் பிழை.

எடுத்துக்காட்டாக, வியாழக்கிழமை காலை 8 மணிக்குச் சத்திரசிகிச்சை. அபிக்சபானை 72 மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்தவேண்டுமென வைத்தியசாலை கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அது 'மூன்று நாள்' என்று பெயர்க்கப்படுகிறது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்றை எண்ணிவிட்டு, திங்கள் இரவு 8 மணிக்கு வழமைபோல் அம்மா குளிசையை எடுத்துவிடுகிறார். அவர் வைத்தியசாலைக்குச் சென்றபோது 60 மணித்தியாலமே கழிந்திருக்கும். அம்மா சொன்னதும் பொய்யன்று, வைத்தியர் கேட்டதும் பிழையன்று. நாளுக்கும் மணிக்கும் இடையே பன்னிரண்டு மணித்தியாலம் தொலைந்துவிட்டது. ஆகையால் 'எத்தனை நாளுக்கு முன்' என்று கேளாமல், 'கடைசிக் குளிசையை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, சிறுநீரகம். டபிகாட்ரானின் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 வீதம், சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. அபிக்சபானில் ஏறக்குறைய கால்பங்கே அவ்வாறு செல்கிறது. நீரிழிவினாற் சிறுநீரகம் தளர்ந்தவர்களில் மருந்து நெடுநேரம் தங்கும். தெற்காசியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை நாம் அறிவோம். எனவே அயல்வீட்டு ஐயாவுக்கு இரண்டு நாள் சொன்னார்கள் என்பது உங்கள் ஐயாவுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

மூன்றாவது, ஊரிலிருந்து வரும் மருந்துகள். தேசிய சுகாதார சேவையின் செயலியிற் குடும்ப வைத்தியர் எழுதிய மருந்துகளைக் காணலாம். ஆனால் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மருந்து அதில் இராது. இந்தியாவில் விற்கப்படும் 'எகோஸ்பிரின் கோல்ட்' என்ற மாத்திரையின் பெயரைக் கேட்டால் அது வெறும் அஸ்பிரின் என்றே தோன்றும். அதனுள் அஸ்பிரினோடு குளோபிடோகிறெலும், கொழுப்புக்கான அற்றோவாஸ்ரற்றினும் அடங்கியுள்ளன. 'அஸ்பிரின் மட்டும் எடுக்கிறேன்' என்று அம்முதியவர் மனமறிந்து உண்மையே சொல்வார்; வைத்தியரும் அதை நம்பி ஊசியை எடுப்பார். பெட்டியையோ மாத்திரை அட்டையையோ கையிற் கொண்டுபோயிருந்தால் இந்த ஆபத்து எழாது. இப்யூபுரோபன், டைக்குளோபினக் போன்ற நோவு மருந்துகளும் சிறுதட்டுகளைப் பாதிப்பவை என்பதால் அவற்றையும் கூறவேண்டும்.

நான்காவது, மருந்தென்று நாம் கருதாதவை. கறியிற் போடும் மஞ்சளைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கடைகளில் விற்கப்படும் செறிவூட்டிய மஞ்சட் குளிசைகள் அவ்வாறல்ல. வார்பரின் எடுத்துவந்த ஒருவர் அத்தகையதொன்றை உண்ணத் தொடங்கியபின் அவரது ஐ.என்.ஆர். 10க்கு மேல் ஏறியதாக நியூசிலாந்து மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்திருந்தது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையே இருக்கவேண்டியது. கீரை வகைகளில் உயிர்ச்சத்து கே மிகுதியாக இருப்பதால் அவை வார்பரினின் வலுவைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் அறவே விட்டுவிடாமல், ஒரே அளவாக உண்டால் போதும். ஆயுர்வேத, சித்த மருந்துகளை எடுப்போர் வெட்கப்படாமல் அதனைச் சொல்லவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியவை

ஒரு தாளை எடுத்து, தெளிவான எழுத்தில், இயன்றால் ஆங்கிலத்தில், பின்வருவனவற்றை எழுதுங்கள். மருந்தின் பெயரும் அளவும், நாளுக்கு எத்தனை தடவை, எந்த நோய்க்காக, எந்த ஆண்டு தொடக்கம், வலைக்குழாயோ வால்வோ பொருத்தப்பட்டிருந்தால் அதன் திகதி, சிறுநீரகத்தில் குறைபாடு உண்டா, ஊரிலிருந்து வந்த மருந்துகள், இறுதியாக, கடைசிக் குளிசை எடுத்த கிழமையும் மணியும். வார்பரின் எடுப்போர் தமக்குத் தரப்பட்ட மஞ்சட் புத்தகத்தையும், மற்றோர் உறைதலெதிர் மருந்து எடுப்பதைக் குறிக்கும் எச்சரிக்கை அட்டையையும் உடன்கொண்டு செல்லவேண்டும். தொலைபேசியில் மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலிகளும் உள்ளன. எடுத்த நேரத்தை அவற்றிற் குறித்துவைத்தால் அதுவே நல்ல சான்றாகும். தொலைபேசி பழகாத முதியோருக்கு நாட்காட்டியும் பென்சிலும் போதும்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனை நாளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே கேளுங்கள். அது இலவசம், அதைக் கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை இடையில் நிறுத்தி இதனைச் செய்விப்பது அப்பிள்ளைக்கும் பாரம், நோயாளிக்கும் பாதுகாப்பன்று. சத்திரசிகிச்சை வைத்தியரின் கடிதம் ஒரு நாளையும் மயக்கமருந்துப் பிரிவின் கடிதம் வேறொரு நாளையும் குறிக்குமாயின், நீங்களே நடுநாள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டாம். கடிதத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, எதைப் பின்பற்றுவது என்று கேளுங்கள். தவறுதலாக ஒரு குளிசையை எடுத்துவிட்டாலும் மறையாமற் சொல்லுங்கள். மிஞ்சினால் நாள் தள்ளிப்போகும்; அல்லது மயக்கும் முறை மாறும். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் போய்விடுமே என்று அஞ்சி மறைத்தால், இழப்பது நாளாக இராது, காலாக இருக்கலாம்.

வீடு திரும்புமுன் குளிசையை மீண்டும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நிறுத்தச் சொன்னதை நினைவிற் கொண்டு, தொடங்கச் சொன்னதை மறந்து பாரிசவாதத்துக்கு ஆளாகும் நிலை எவருக்கும் வரலாகாது.

முதுகில் ஊசி போடப்பட்டவருக்கு, அதன் விறைப்பு நீங்கவேண்டிய நேரம் கடந்தும் கால்கள் விறைத்தே இருந்தாலோ, நீங்கிய விறைப்பு மீண்டும் வந்தாலோ, கால் பலமிழந்தாலோ, முதுகில் கடும் நோவு எழுந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ, உடனே தாதியிடம் சொல்லுங்கள். வீட்டிலாயின் 999ஐ அழையுங்கள். எமது முதியோர் நோவைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள். பதுங்குகுழியிலும் அகதி முகாமிலும் வாய்திறவாதிருந்தவர்கள், வைத்தியசாலைக் கட்டிலிலும் 'விடியட்டும், தாதியை ஏன் கரைச்சல்படுத்துவான்' என்றே கிடப்பர். இந்த நோயிலோ விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. எட்டு மணித்தியாலம் என்பதை மேலே கண்டோம். ஆகவே, பெற்றோரை விட்டு வீட்டுக்குத் திரும்புமுன், 'கால் அசையாவிட்டால் உடனே மணியை அடியுங்கோ' என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த வாரம்: நீரிழிவு உள்ளோர் சத்திரசிகிச்சைக்கு முன் உண்ணாதிருக்க வேண்டிய வேளையில் இன்சுலின் ஊசியை என்ன செய்வது என்பதைப்பற்றி நோக்குவோம்.